ஃபுட்பால் பணமும் என் மகளின் டென்னிஸ் இடமும்

டல்லாஸ் பக்கம் பிரிஸ்கோ, பிளேனோவில் பிள்ளைகளை டென்னிஸ் அகாடமிக்குக் கூட்டிப்போகும் தமிழ்ப் பெற்றோர் இப்போதெல்லாம் என்னைப் பார்த்ததும் கேட்பது, "அக்கா, என்.ஐ.எல். எவ்வளவு வரும்?" என்பதுதான். என் மகள் 2025-இல் பள்ளி முடித்து காலேஜ் விளையாட்டின் மேல்மட்டப் பிரிவான டிவிஷன் 1-இல் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் டென்னிஸ் அணியில் சேர்ந்திருக்கிறாள். அதனால் எனக்குத் தெரிந்திருக்கும் என்று நம்புகிறார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். டென்னிஸ் ஆடும் பிள்ளைக்கு என்.ஐ.எல். என்ற விளம்பரப் பணம் வருவதும் வராததும் சின்ன விஷயம். அமெரிக்க ஃபுட்பால், பாஸ்கெட்பால் பையன்களை இழுக்கக் காலேஜுகள் ஒன்றோடொன்று போடும் போட்டியில் புரளுகிற பணம் இருக்கிறதே, அதுதான் உங்கள் பிள்ளைக்கு இடம் உண்டா இல்லையா என்பதையே மாற்றிவிடுகிறது. ஒரு டாலர் விளம்பரம்கூட வாங்கப்போகாத பிள்ளையின் ரெக்ரூட்டிங்கும், அதாவது காலேஜ் அணிக்கு ஆள் எடுப்பதும், இன்று அந்தப் போட்டிக்குள்தான் நடக்கிறது. ரெக்ரூட்டிங் தொடங்கியபோது இதை எங்களுக்குச் சொல்ல யாரும் இல்லை.

முதலில் கொஞ்சம் பின்னணி. காலேஜ் வீரர் தன் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கும் உரிமையைத்தான் என்.ஐ.எல். என்கிறார்கள். 2021 வரை அது கிடையாது. ஊர் பீட்சா கடைக்கு ஒரு போஸ்டரில் நின்று நூறு டாலர் வாங்கினால்கூட ஆடும் தகுதி போய்விடும் நிலை இருந்தது. யூ.சி.எல்.ஏ.வில் பாஸ்கெட்பால் ஆடிய எட் ஓ'பேனன், ஒரு வீடியோ கேமில் தன் உருவத்தையே பார்த்துவிட்டு 2009-இல், காலேஜ் விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் மீது வழக்குப் போட்டார். 2019-இல் கலிஃபோர்னியா இந்த உரிமைக்குத் தனிச் சட்டம் கொண்டுவந்தது. 2021 ஜூன் 21 அன்று ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கு படிப்பு சார்ந்த சலுகைகளைப் பற்றியது என்றாலும், அதன்பின் தடையைத் தாங்கிப்பிடிக்க என்.சி.ஏ.ஏ.வால் முடியவில்லை. ஜூலை 1-ஆம் தேதி கதவு திறந்துவிட்டது.

திறந்த கதவு வழியாக முதலில் உள்ளே வந்தது விளம்பரக் கம்பெனிகளைவிட காலேஜின் பணக்கார ரசிகர்கள்தான். அவர்கள் சேர்ந்து கலெக்டிவ் என்ற அமைப்புகளைத் தொடங்கினார்கள். தொண்டு நிகழ்ச்சியில் கலந்துகொள்வதற்கு, கையெழுத்துப் போடுவதற்கு, ஒரு வீடியோ எடுப்பதற்கு என்று காரணம் எழுதி வீரர்களுக்குப் பணம் கொடுப்பார்கள். 2021 டிசம்பரில் டெக்சாஸ் பல்கலைக்கழக ஃபுட்பால் அணியின் ஆஃபென்சிவ் லைன் வீரர்களுக்குத் தலா 50,000 டாலர் தருவதாக அப்படியொரு அமைப்பு அறிவித்தது. புதுப் பையன்கள் எந்தக் காலேஜில் சேர்வது என்று முடிவெடுக்கும் அதே வாரங்களில் அந்த அறிவிப்பு வந்தது. அது யார் காதில் விழ வேண்டும் என்று வந்ததென்று சொல்லத் தேவையில்லை.

டல்லாஸ்காரர்களுக்கு இந்தக் கதையில் ஒரு பழைய வடு உண்டு. எங்கள் ஊரின் சதர்ன் மெத்தடிஸ்ட் பல்கலைக்கழகம் வீரர்களுக்கு மறைமுகமாகப் பணம் கொடுத்தது என்பதற்காக 1987-இல் அதன் ஃபுட்பால் சீசனையே என்.சி.ஏ.ஏ. ரத்து செய்தது. அணி பழைய நிலைக்கு வரப் பல ஆண்டுகள் ஆயின. அதே பல்கலைக்கழகத்தின் ரசிகர் கலெக்டிவ் 2022-இல் ஃபுட்பால், ஆண்கள் பாஸ்கெட்பால் வீரர்கள் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 36,000 டாலர் என்று வெளிப்படையாகவே அறிவித்தது. பக்கத்து ஊரான சவுத்லேக்கில் படித்த குவாட்டர்பேக் (ஃபுட்பாலில் அணியின் தாக்குதலை நடத்துபவர்) க்வின் யூவர்ஸ் 2021-இல் பன்னிரண்டாம் வகுப்பையே தாண்டிக்கொண்டு ஒஹாயோ ஸ்டேட்டுக்குப் போனார். பள்ளியில் படிக்கும்போது விளம்பரப் பணம் வாங்க டெக்சாஸ் விதிகள் விடாது, காலேஜில் சேர்ந்துவிட்டால் விடும் என்பதுதான் காரணம்.

தொடக்கத்தில் ஒரு மெல்லிய வேலி இருந்தது. ஒரு மாணவன் கையெழுத்துப் போடும் முன் "எங்களிடம் வந்தால் இவ்வளவு" என்று பேரம் பேசக் கூடாது என்றது என்.சி.ஏ.ஏ. விதி. டென்னசி பல்கலைக்கழகத்தை அந்த அமைப்பு விசாரிக்கத் தொடங்கியதும் டென்னசி, வர்ஜீனியா மாநிலங்கள் நீதிமன்றம் போயின. 2024 பிப்ரவரியில் நீதிபதி அந்த விதிக்குத் தடை போட்டார். அன்று முதல் பேரம் வெளிப்படையான ரெக்ரூட்டிங் பேச்சாகவே ஆனது.

பெண்கள் விளையாட்டில் இது எவ்வளவு தூரம் போகும் என்று அதே கோடையில் பார்த்தோம். ஸ்டான்ஃபோர்டின் சாஃப்ட்பால் பிட்சர் நிஜாரி கேனடி டெக்சாஸ் டெக்குக்கு மாறினார். ஓர் ஆண்டுக்கு 10,50,024 டாலர். பத்து லட்சம் சம்பளம், ஐம்பதாயிரம் வாழ்க்கைச் செலவுக்கு, கடைசி 24 அவர் ஜெர்ஸி எண்ணுக்காக. அடுத்த சீசனிலேயே டெக்சாஸ் டெக் பெண்கள் காலேஜ் உலகத் தொடரின் இறுதிச் சுற்று வரை போனது. ஒரே ஒருத்தியை அழைத்துவந்தால் ஒரு காலேஜின் இடமே மாறும் என்று எல்லாக் கோச்சுகளும் அன்று பாடம் கற்றார்கள். அந்தப் பெண்ணுக்காக நான் மனதாரச் சந்தோஷப்பட்டேன். ஆனால் எந்த விளையாட்டில் அப்படி ஒருத்தியைத் தேடுவது என்று முடிவு செய்வது, அங்கே பணம் வைத்திருக்கும் ரசிகர் எதை ரசிக்கிறார் என்பதைப் பொறுத்ததாகிவிட்டது. டென்னிஸை ரசிக்கும் அப்படிப்பட்டவர்கள் மிகவும் குறைவு.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன்.

பத்தாம் வகுப்பு முடிந்த கோடையில் ஜூன் 15-ஆம் தேதியிலிருந்துதான் பெரும்பாலான விளையாட்டுகளில் கோச்சுகள் மாணவர்களோடு நேரடியாகப் பேசலாம். மகளுக்கு அந்த நாள் 2023-இல் வந்தது. அப்போது டென்னிஸ் ஆட்டத்திறனை அளக்கும் அவளுடைய யூ.டி.ஆர். மதிப்பு 9-ஐ நெருங்கியிருந்தது. நடுத்தர டிவிஷன் 1 அணிகளில் ஆடப் போதுமான அளவு. பெண்கள் டென்னிஸில் அப்போதைய கணக்கு எளிமையானது. ஓர் அணிக்கு எட்டு ஸ்காலர்ஷிப். கொடுத்தால் முழுதாகக் கொடுக்க வேண்டும். ஆண்கள் அணிக்கு 4.5 மட்டுமே, அதைப் பலருக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். "பொண்ணு டென்னிஸ் ஆடினா ஃபுல் ஸ்காலர்ஷிப்" என்று எங்கள் வட்டாரத்தில் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தது இதனால்தான்.

அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் கோச் நன்றாகவே பேசினார். வந்து பாருங்கள் என்றார். போனோம். முழு ஸ்காலர்ஷிப், நான்கு ஆண்டு என்று வாய்மொழியாகச் சொன்னார். அவர் பொய் சொன்னார் என்று இன்றும் நான் நினைக்கவில்லை. சொன்ன அன்று அவர் கையில் அது இருந்தது. ஓராண்டு கழித்து, கையெழுத்துப் போடும் பருவம் வந்தபோது, அது அவர் கையில் இல்லை.

இடையில் நடந்தது ஹவுஸ் வழக்கின் சமரசம். அரிசோனா ஸ்டேட்டின் நீச்சல் வீரர் கிராண்ட் ஹவுஸின் பெயரில் என்.சி.ஏ.ஏ. மீது நடந்த வழக்கு அது. 2024 அக்டோபரில் தொடக்க ஒப்புதல், 2025 ஜூன் 6-இல் இறுதி ஒப்புதல். பழைய வீரர்களுக்குப் பத்தாண்டுகளில் 280 கோடி டாலர் இழப்பீடு. அதோடு, காலேஜுகளே இனி வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம், முதல் ஆண்டில் ஒரு காலேஜுக்கு அதிகபட்சம் 2 கோடியே 5 லட்சம் டாலர். பழைய ஸ்காலர்ஷிப் எண்ணிக்கைகள் போய், அணியில் எத்தனை பேர் இருக்கலாம் என்ற உச்சவரம்பு வந்தது. டென்னிஸுக்குப் பத்து பேர். பத்துப் பேருக்கும் ஸ்காலர்ஷிப் தரலாம், எவ்வளவு வேண்டுமானாலும் பிரித்தும் தரலாம்.

செய்தித்தாளில் படித்தால் இது டென்னிஸ் பெண்களுக்கு லாபம் மாதிரித் தெரியும். எட்டு பத்தாகிறதே! உள்ளே இருக்கும் கணக்கு வேறு. புதிதாகக் கூட்டும் ஸ்காலர்ஷிப்புகளில் 25 லட்சம் டாலர் வரை அந்த 2 கோடியே 5 லட்சத்துக்குள்ளேயே கணக்காகும். அதாவது டென்னிஸில் இன்னொரு ஸ்காலர்ஷிப் கூட்டினால், குவாட்டர்பேக்குக்குத் தரக்கூடிய தொகையில் அவ்வளவு குறையும். பெரிய காலேஜுகள் பலவும் பணத்தை இழப்பீட்டில் வந்த விகிதத்தை ஒட்டியே பிரிக்கின்றன. ஃபுட்பாலுக்கு முக்கால் பங்கு, ஆண்கள் பாஸ்கெட்பாலுக்குச் சுமார் 15 சதவீதம், பெண்கள் பாஸ்கெட்பாலுக்கு 5, மற்ற எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து மிச்சம் 5. "முழுதாகத் தா, இல்லையென்றால் தராதே" என்ற பழைய விதிதான் எங்கள் பெண்களுக்கு அரணாக இருந்தது. அது போனதும், பாதி தரலாம், கால்வாசி தரலாம் என்ற வசதி காலேஜுக்கு வந்துவிட்டது.

எங்களுக்கு அது ஒரு ஃபோன் காலாக வந்தது. கோச் தடுமாறித்தான் பேசினார். நாற்பது சதவீதம் தர முடியும், அதுவும் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிப்பதாக இருக்கும் என்றார். பத்துப் பேர் வரம்பு வந்துவிட்டதால், வசந்தகால சீசன் முடிந்து, காலேஜ் மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் திறந்தபிறகு இடம் எப்படி இருக்கும் என்பதை இப்போதே உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். மகள் ஃபோனை என்னிடம் கொடுத்துவிட்டு மாடிக்குப் போனாள். எனக்கு அவ்வளவு கோபம் அதற்குமுன் வந்ததில்லை. யார்மேல் என்றுகூடத் தெளிவாகச் சொல்ல முடியாத கோபம்.

போர்ட்டலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பதினேழு வயதுப் பிள்ளைக்கு இன்று இருக்கும் உண்மையான போட்டி அங்கேதான். 2018-இல் வந்தது அது. முதலில் காலேஜ் மாறினால் பெரிய விளையாட்டுகளில் ஓராண்டு உட்கார வேண்டும். 2021-இல் ஒருமுறை உட்காராமல் மாறலாம் என்றார்கள். 2024-இல் எத்தனை முறை வேண்டுமானாலும் என்றார்கள். விளம்பரப் பணமும் இந்தத் தடையற்ற மாற்றமும் ஒன்றாகச் சேர்ந்ததில்தான் ரெக்ரூட்டிங்கின் இயல்பே மாறியது. 2022-இல் நைஜல் பேக் என்ற பாஸ்கெட்பால் வீரர் கேன்சஸ் ஸ்டேட்டிலிருந்து மயாமிக்கு மாறியபோது, இரண்டு ஆண்டுக்கு 8 லட்சம் டாலரும் ஒரு காரும் என்று பணம் கொடுத்தவரே வெளியே சொன்னார். அன்றிலிருந்து ஒவ்வொரு வீரருக்கும் ஒவ்வொரு ஆண்டும் ஏலம்தான். ஏற்கெனவே காலேஜில் ஆடி நிரூபித்த 21 வயதுக்காரர் கிடைக்கும்போது, வளரட்டும் என்று காத்திருந்து ஒரு பள்ளி மாணவனை எடுக்கும் பொறுமை கோச்சுக்கு எங்கிருந்து வரும்? அவர் வேலையும் அடுத்த சீசன் வெற்றியில்தானே தொங்குகிறது.

சிலருக்கு இதனால் நன்மையும் உண்டு. நெடுங்காலமாகத் தோற்றுக்கொண்டே இருந்த இண்டியானா பல்கலைக்கழக ஃபுட்பால் அணி, புதுக் கோச்சும் மாறி வந்த வீரர்களுமாக 2024-இல் தேசிய பிளேஆஃபுக்கே வந்தது. முன்பென்றால் நான்கைந்து பெரிய காலேஜுகள் நல்ல பையன்களையெல்லாம் வாரிக்கொண்டு பெஞ்சில் உட்கார வைத்திருக்கும். இப்போது அந்தப் பையன்கள் வேறிடம் போய் ஆடுகிறார்கள். ஆடுகளத்தில் போட்டி பரவலாகியிருக்கிறது. ஆனால் புதிதாக நுழையும் பிள்ளைக்கு வாசல் குறுகிவிட்டது. டிவிஷன் 1 டென்னிஸில் பாதிக்கு மேல் வெளிநாட்டு வீரர்கள்; அவர்களில் பலர் இருபதைத் தொட்டவர்கள், சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் (ஐ.டி.எஃப்.) போட்டிகளில் அடிபட்டு வந்தவர்கள். அதன்மேல் போர்ட்டலும் சேர்ந்தால் பள்ளியிலிருந்து போகும் பெண்ணுக்கு ஓர் அணியில் ஓர் ஆண்டுக்கு ஒன்றிரண்டு இடம் மிஞ்சலாம்.

அந்தக் குளிர்காலத்தில் நாங்கள் முழுப் பட்டியலையும் மாற்றினோம். மகளே உட்கார்ந்து ஒவ்வொரு காலேஜின் அணிப் பக்கத்தையும் திறந்து, கடந்த மூன்று ஆண்டில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பள்ளியிலிருந்து நேராக வந்தவர்கள், எத்தனை பேர் மாறி வந்தவர்கள் என்று குறித்தாள். இது எல்லோரும் பார்க்கக்கூடிய தகவல். கோச் வாயால் சொல்வதைவிட இது உண்மையைச் சொல்லும். அடுத்து, அந்தக் காலேஜ் ஹவுஸ் சமரசத்தில் பங்கேற்கிறதா, ஃபுட்பால் அணி உண்டா, உண்டென்றால் அதற்காக எவ்வளவு பணம் திரட்ட முயல்கிறது என்று உள்ளூர்ச் செய்திகளில் தேடினோம். டென்னிஸ் அம்மா ஒருத்தி ஃபுட்பால் செய்தி படிக்க வேண்டிய காலம்!

சமரசத்தில் பங்கேற்காத காலேஜ் என்றாலும் முழு நிம்மதி கிடையாது. 280 கோடி இழப்பீட்டில் ஒரு பகுதியை, எல்லா டிவிஷன் 1 காலேஜுகளுக்கும் தான் தரும் பங்கைக் குறைத்துத்தான் என்.சி.ஏ.ஏ. கட்டுகிறது. 2025 வசந்தத்தில் எங்கள் மாநிலத்திலேயே எல் பாசோவில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் பெண்கள் டென்னிஸை எடுத்துவிட்டது. அதே பருவத்தில் கலிஃபோர்னியாவின் கால் பாலி நீச்சல் அணியை மூடியது. பட்ஜெட்டில் துண்டு விழும்போது முதலில் கண்ணில் படுவது, டிக்கெட் விற்காத விளையாட்டுகள்தான். அதனால் கோச்சிடம் "அணி இருக்குமா?" என்று நேராகவே கேட்கச் சொல்கிறேன். கோச்சுக்கே தெரியாமல் போகலாம். விளையாட்டுத்துறை இயக்குநரிடம் பேச முடியுமா என்று கேட்பதில் தப்பே இல்லை. நாங்கள் கேட்டோம். ஓரிடத்தில் பேசினார்கள், இன்னோரிடத்தில் மறுத்துவிட்டார்கள். மறுத்த இடத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம்.

கடைசியில் மகள் சேர்ந்த இடம் பெரிய ஃபுட்பால் அணி இல்லாத, படிப்புக்குப் பெயர்பெற்ற ஒரு பல்கலைக்கழகம். டென்னிஸ் ஸ்காலர்ஷிப் சின்னது. மதிப்பெண்ணுக்கான மெரிட் உதவி பெரியது. இந்த இரண்டாவதைத்தான் எல்லா அப்பா அம்மாவிடமும் அழுத்திச் சொல்கிறேன். மெரிட் உதவி அதன் ஜி.பி.ஏ. (மதிப்பெண் சராசரி) நிபந்தனையோடு கட்டப்பட்டது, ஃபுட்பால் கணக்கோடு கட்டப்பட்டதல்ல. கோச் மாறினாலும், பத்துப் பேர் பட்டியலிலிருந்து பெயர் விடுபட்டாலும் அது நிற்கும். பதினொன்றாம் வகுப்பில் போட்டிக்கு ஊர் ஊராக அலையும்போது மதிப்பெண் இரண்டு புள்ளி நழுவினால் பரவாயில்லை என்று விடும் குடும்பங்களை நிறையப் பார்க்கிறேன். விடாதீர்கள்.

இனி எங்கள் சமூகத்தில் பலருக்கும் நேரடியாகப் பொருந்தும் ஒரு விஷயம்: விசா. பிளேனோவில் எங்களுக்கு நெருக்கமான ஓர் அண்ணா குடும்பம். கிரீன் கார்டு வரிசையில் நெடுநாளாக நிற்கிறார்கள். பையன் சின்ன வயதில் இங்கே வந்தவன், பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசா. நல்ல ஆட்டக்காரன், காலேஜ் அணியிலும் சேர்ந்துவிட்டான். ஒரு கடைக்காரர் ஒரு வீடியோவுக்குச் சில நூறு டாலர் தருவதாக அழைத்தார். அணியில் எல்லோரும் செய்கிறார்கள். எச்-4 பிள்ளைகளுக்கு வேலை செய்ய அனுமதி கிடையாது; விளம்பரத்தில் நடித்துப் பணம் வாங்குவதும் வேலைதான். குடியேற்ற வழக்கறிஞர், பணம் வேண்டாம், போஸ்டுக்குப் பதிலாக இலவசப் பொருள் தந்தால் அதுவும் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். "இத்தனை வருஷம் காத்திருந்ததை ஒரு வீடியோவுக்கு விட முடியுமா அக்கா?" என்றார் அண்ணி. 21 வயது நிறைவதற்குள் அவன் மாணவர் விசாவான எஃப்-1-க்கு மாற வேண்டும். அங்கேயும் இதே கதைதான்.

எஃப்-1 மாணவர் இங்கே உட்கார்ந்து விளம்பர வேலை செய்ய முடியாது. கென்டக்கியின் பாஸ்கெட்பால் நட்சத்திரம் ஆஸ்கர் ஷீப்வே காங்கோவிலிருந்து வந்தவர். 2022 ஆகஸ்டில் அணி பஹாமாஸுக்குப் போனபோது, அமெரிக்க மண்ணுக்கு வெளியே என்பதால், அங்கே வைத்துத் தன் விளம்பர வேலைகளை முடித்தார். நாட்டிலேயே சிறந்த காலேஜ் வீரர் என்று விருது வாங்கியவருக்கே இந்தப் பாடு. 2025 டேவிஸ் கோப்பையில் சுவிட்சர்லாந்துக்கு எதிராக இந்தியாவுக்கு ஆடிய மதுரைக்காரர் தக்ஷிணேஸ்வர் சுரேஷ், வேக் ஃபாரஸ்ட் அணிக்காக ஆடியவர். அவர் போல ஊரிலிருந்து டென்னிஸ் ஸ்காலர்ஷிப்பில் வர நினைக்கும் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொண்டு வர வேண்டும். "சேர்ந்தால் என்.ஐ.எல். பார்த்துக்கொள்ளலாம்" என்று ஏஜென்ட் யாராவது ஆசை காட்டினால், அவர் உங்கள் விசாவைப் பற்றி எதுவும் யோசிக்கவில்லை என்று அர்த்தம். விசா விஷயத்தை வழக்கறிஞரிடம் மட்டும் கேளுங்கள், அகாடமி வாட்ஸ்அப் குழுவில் கேட்காதீர்கள்.

மகளுக்கு இதுவரை வந்த விளம்பரப் பணத்தையும் சொல்லிவிடுகிறேன். காலேஜ் ஊரில் ராக்கெட் ஸ்ட்ரிங் போடும் கடை ஒன்று, இலவசமாக ஸ்ட்ரிங் போட்டுத் தருகிறது, மாதம் ஒரு சின்னத் தொகையும். அவள் இன்ஸ்டாகிராமில் போஸ்ட் போட வேண்டும். குழந்தைகளுக்கான வார இறுதிப் பயிற்சி முகாம் ஒன்றில் அவள் பெயரைப் போட்டு அழைக்கிறார்கள், அதில் கொஞ்சம் நல்ல தொகை வருகிறது. சிறுவிளையாட்டுப் பிள்ளைகளுக்கு இந்த முகாம்தான் நம்பகமான வழி என்பது என் எண்ணம். செய்யும் வேலைக்கு வரும் பணம், யாரோ ரசிகரின் மனநிலையைப் பொறுத்ததல்ல.

சின்னத் தொகையானாலும் விதிகள் பெரியவர்களுக்கு உள்ளவைதான். மொத்தம் 600 டாலரைத் தாண்டும் ஒப்பந்தங்களை, டெலாய்ட் என்ற கணக்குத் தணிக்கை நிறுவனம் நடத்தும் என்.ஐ.எல். கோ என்ற தளத்தில் ஐந்து வேலை நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். உண்மையான வியாபாரக் காரணம் இருக்கிறதா, தொகை நியாயமானதா என்று பார்ப்பார்கள். கலெக்டிவ்கள் விளம்பரம் என்ற பெயரில் ரெக்ரூட்டிங் பணம் தருவதைப் பிடிக்க வந்த ஏற்பாடு இது. ஸ்ட்ரிங் கடைக்காரருக்கும் அதே ஃபார்ம். அப்புறம் வரி. இது சம்பளம் அல்ல, சுயதொழில் வருமானம். செலவு போக 400 டாலர் தாண்டினால் 15.3 சதவீத சுயதொழில் வரி உண்டு, வருமான வரி தனி. இலவசமாக வரும் ராக்கெட்டுக்கும் மதிப்புப் போட்டுக் கணக்கில் சேர்க்க வேண்டும். எஃப்.ஏ.எஃப்.எஸ்.ஏ. என்ற அரசு விண்ணப்பம் மூலம் கல்வி உதவி வாங்கும் குடும்பம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். மாணவரின் வருமானம் இரண்டு ஆண்டு கழித்து வரும் உதவித்தொகையைக் குறைக்கக்கூடும். டெக்சாஸ் சட்டப்படி மது, புகையிலை, சூதாட்ட விளம்பரங்கள் கூடாது. காலேஜ் ஒரு ஷூ கம்பெனியோடு ஒப்பந்தம் வைத்திருந்தால், அதற்கு முட்டும் விளம்பரமும் கூடாது. பணம் வந்த அன்றே மூன்றில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போடும் பழக்கத்தை மகளுக்குச் சொல்லிக்கொடுத்தது என் கணவர். நல்ல பழக்கம்.

ஒப்பந்தத்தை வழக்கறிஞரிடம் காட்டாமல் கையெழுத்துப் போடக் கூடாது என்பதற்கு இரண்டு பேரின் கதை போதும். புளோரிடாவின் ஜெர்வான் டெக்ஸ்டர் காலேஜில் ஆடும்போது ஒரு நிறுவனத்திடம் 4,36,485 டாலர் வாங்கினார். பதிலுக்கு, தொழில்முறை ஃபுட்பால் லீகான என்.எஃப்.எல். போனால் 25 ஆண்டுகளுக்கு வரிக்கு முந்தைய வருமானத்தில் 15 சதவீதம் அவர்களுக்கு. பிறகு அவர் வழக்குப் போட வேண்டியிருந்தது. இன்னொருவர் ஜேடன் ரஷாடா. 1 கோடியே 38.5 லட்சம் டாலர் ஒப்பந்தத்தை நம்பி, மயாமிக்குச் சொல்லியிருந்த வார்த்தையை மாற்றிப் புளோரிடாவுக்குக் கையெழுத்துப் போட்டார். பணம் வரவில்லை. 2023 ஜனவரியில் அந்தக் காலேஜிலிருந்தே விடுபட்டு வேறு இடம் தேடிப் போனார். அவரோடு ஒப்பந்தம் போட்டது பல்கலைக்கழகம் அல்ல, வெளியே இருந்த கலெக்டிவ். பணம் தரப்போவது யார், அவர்கள் தராவிட்டால் யாரைப் பிடிப்பது என்ற கேள்விக்குப் பதில் எழுத்தில் இல்லாவிட்டால், அந்தத் தொகையை உங்கள் கணக்கிலேயே சேர்க்காதீர்கள்.

இதையெல்லாம் சொல்வதால் வீரர்களுக்குப் பணம் தருவதை நான் எதிர்க்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பிக் டென் கூட்டமைப்பு 2022-இல் போட்ட டி.வி. ஒப்பந்தம் ஏழு ஆண்டுகளுக்கு 700 கோடி டாலருக்கு மேல். டெக்சாஸ் ஏ அண்ட் எம், 2023-இல் தன் ஃபுட்பால் கோச்சை வீட்டுக்கு அனுப்புவதற்காக மட்டும் ஏழரைக் கோடி டாலருக்கு மேல் தர ஒப்புக்கொண்டது. முட்டியை உடைத்துக்கொள்ளும் பையனுக்கு மட்டும் பணம் கூடாது என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. டென்னிஸிலேயே பாருங்கள். நார்த் கரோலைனாவின் ஃபியோனா க்ராலி 2023 யூ.எஸ். ஓபனுக்குத் தகுதிச் சுற்று தாண்டிப் போனார். பரிசுப் பணம் 81,000 டாலர். காலேஜில் தொடர்ந்து ஆட வேண்டும் என்பதற்காக அதில் பெரும்பகுதியை விட வேண்டியிருந்தது. அன்றைய விதிப்படி, அவர் முகத்தைப் போட்டு யாராவது விளம்பரம் செய்தால் எவ்வளவும் வாங்கலாம், ராக்கெட்டால் ஜெயித்த பணத்தை வாங்கக் கூடாது! அதே அணியின் ரீஸ் பிரான்ட்மையர் 2024-இல் இதை எதிர்த்து நீதிமன்றம் போனார். அந்தப் பெண்ணின் பக்கம்தான் நான்.

நான் எதிர்ப்பது வேறு ஒன்றை. காலேஜுகளுக்குள் நடக்கும் பணப்போட்டியின் நிச்சயமின்மை முழுவதும், பேரம் பேசும் பலமே இல்லாத பதினேழு வயதுப் பிள்ளையின் தலையில் இறங்குகிறது. கோச்சுக்குப் பல ஆண்டு ஒப்பந்தம் உண்டு. குவாட்டர்பேக்குக்கு ஏஜென்ட் உண்டு. டென்னிஸ் பெண்ணிடம் ஒரு ஃபோன் காலில் சொன்ன வாக்குத்தான் இருக்கிறது. வாய்மொழியாகச் சொன்னதை முப்பது நாளுக்குள் எழுத்தில் தர வேண்டும், அணி மூடப்பட்டால் ஸ்காலர்ஷிப் பட்டம் வாங்கும்வரை தொடர வேண்டும் என்று ஒரு விதி வந்தால் பாதிப் பிள்ளைகளின் தூக்கம் திரும்பும்.

அப்படி ஒரு விதி வரும்வரை, நாமே கேட்டு வாங்க வேண்டியதுதான். எங்கள் தெருவில் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்ணுக்கு இப்போது கோச்சுகள் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். போன வாரம் என் மகளோடு ஃபோனில் பேசிவிட்டு, தன்னை விரும்பும் ஒரு கோச்சுக்கு மூன்று கேள்வி எழுதி அனுப்பினாள். ஸ்காலர்ஷிப் எத்தனை சதவீதம், எத்தனை ஆண்டுக்கு? பத்துப் பேரில் என் ஆண்டுக்கு எத்தனை இடம்? போர்ட்டலில் ஒருவர் வந்தால் என் இடத்துக்கு என்ன ஆகும்? முதல் இரண்டுக்கும் அன்றே மின்னஞ்சலில் பதில் வந்துவிட்டது. மூன்றாவதுக்கு, துறையில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று எழுதியிருக்கிறார். அவள் அதே மூன்று கேள்விகளை இன்னும் நான்கு காலேஜுகளுக்கு அனுப்பியிருக்கிறாள்.